எஞ்சின் மாறினால் என்னவெல்லாம் மாறும்?

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் ஒரகடத்தை நெருங்கும்போதே வாகனத் தொழிலின் மதில்கள் தொடங்கிவிடுகின்றன. ரெனோ, டைம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ் என்று வரிசை நீள்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் திரும்பினால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். அதே ஊரில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடமும் இருக்கிறது.

இத்தகைய பெரிய கார் தொழிற்சாலையின் அசெம்பிளி லைனில் ஒரு கட்டம் உண்டு. எஞ்சினும் கியர்பாக்ஸும் முன் அச்சும் ஒரே கட்டாகக் கீழிருந்து எழும்பும். மேலே தொங்கியபடி வரும் காரின் உடல் அதன்மேல் சரியாக வந்து அமரும். போல்ட்டுகள் இறுகும், அடுத்த கார் வந்துவிடும். ஏறத்தாழ ஒரு நிமிட வேலை. அதே வட்டாரத்துப் பட்டறை ஒன்றில் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு வேறொரு எஞ்சின் வைக்க முயல்பவருக்கோ மாதக்கணக்கில் ஆகிறது. போட்ட பட்ஜெட் பாதி வழியிலேயே தீர்ந்துபோய், கார் தார்ப்பாய்க்கு அடியில் நிற்பதும் உண்டு.

ஏன் இந்த வித்தியாசம்? அந்த ஒரு நிமிடத்துக்குப் பின்னால் பல வருட வடிவமைப்பு இருக்கிறது. எஞ்சின் எங்கே உட்கார வேண்டும், எவ்வளவு அதிரலாம், அதன் வெப்பம் எந்த வழியாக வெளியேற வேண்டும், எந்த ஒயரில் என்ன செய்தி போக வேண்டும் என்பதையெல்லாம் நூற்றுக்கணக்கான பொறியாளர்கள் முன்பே தீர்த்து வைத்திருக்கிறார்கள். எஞ்சினை மாற்றுகிறவர் அத்தனை கேள்விகளையும் மறுபடி திறக்கிறார். அவர் செலவழிக்கப்போவது எஞ்சினுக்கு மட்டுமல்ல, அந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும்தான். இதைப் புரிந்துகொண்டால் திட்டமும் பட்ஜெட்டும் தானாக ஒழுங்குக்கு வரும். புரிய வைக்க இந்த மண்ணிலேயே இரண்டு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன.

ஒரே எஞ்சின், பல பிறவிகள்

முதல் உதாரணம் வண்டலூர் வட்டாரத்தில் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் கெஸலும் தந்த அந்தச் சென்னை நிறுவனம், 1980களின் நடுவில் ஸ்டாண்டர்ட் 2000 என்ற காரைக் கொண்டுவந்தது. அதன் உடல் பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1. 1976-இல் வெளிவந்து, 1977-ஆம் ஆண்டின் சிறந்த ஐரோப்பியக் கார் என்ற விருதை வென்ற வடிவம் அது. ஃபெராரி டேடோனாவின் சாயலில் வரையப்பட்ட அதன் முகத்தை இன்று பார்த்தாலும் கண் நிற்கும்.

பிரிட்டனில் அந்த உடலுக்குள் முதலில் இருந்தது 3.5 லிட்டர் வி8 எஞ்சின், 155 குதிரைத்திறன். சென்னையில் அதே உடலுக்குள் வைக்கப்பட்டதோ 1991 சி.சி. கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சின். திறன் 83 குதிரைத்திறன் அளவில்தான். 1940களின் இறுதியில் வந்த ஸ்டாண்டர்ட் வாங்கார்ட் காரின் எஞ்சின் வழிவந்தது அது. நிறுவனத்தின் கையில் இருந்த எஞ்சினும் அதுதான். கணக்கு எளிமையானது: 1,300 கிலோ எடையில் வி8 ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 119 குதிரைத்திறன் தருகிறது, மாற்று எஞ்சின் தருவது சுமார் 64. விலை உயர்ந்த, அழகான, மெதுவான கார் அது. 1988 வாக்கில் உற்பத்தி நின்றுபோனது.

அந்த எஞ்சினே மோசமானது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வாங்கார்ட் எஞ்சின் குடும்பம் ஃபெர்குசன் டிராக்டரில் வயலை உழுதது. 1953-இல் வந்த ட்ரையம்ஃப் டி.ஆர்.2 என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரில் அதே 1991 சி.சி. அளவில் 90 குதிரைத்திறன் தந்தது. ஒரு டன்னைவிடக் குறைந்த எடை கொண்ட கார் அது. அந்த ஆண்டு மே மாதம் பெல்ஜியத்தின் ஜாபெக்கே நெடுஞ்சாலையில், காற்றைக் கிழிக்க ஏற்றபடி மூடி அமைக்கப்பட்ட ஒரு டி.ஆர்.2 மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டிக் காட்டியது. டிராக்டரில் உழைப்பாளி, டி.ஆர்.2-இல் ஓட்டக்காரன், ஸ்டாண்டர்ட் 2000-இல் மூச்சு வாங்கும் நடைக்காரன். இரும்பு ஒரே குடும்பத்து இரும்புதான். அதைச் சுற்றியிருந்த வண்டிதான் வேறு.

இரண்டாவது உதாரணம் இருங்காட்டுக்கோட்டையில் பல ஆண்டுகள் ஓடியது. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை வடிவமைத்தார். எஞ்சின், மாருதி 800-இன் 796 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சின். குடும்பத்தோடு கோயிலுக்குப் போகும் காரில் நாற்பது குதிரைத்திறனைத் தொடாத எஞ்சின் அது. கரிவரதன் அதைச் சுற்றி இலகுவான குழாய்ச் சட்டத்தைக் கட்டினார். அந்த எஞ்சினால் தள்ள முடிந்த எடைக்கு ஏற்பவே மற்ற எல்லாமும் அமைந்தன. ஃபார்முலா மாருதி என்ற பெயரில் அந்தக் கார்கள் ஒரு தலைமுறைப் பந்தய ஓட்டுநர்களை உருவாக்கின. பின்னாளில் ஃபார்முலா 1-இல் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனின் முதல் பந்தயம் இதே இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில், ஒரு ஃபார்முலா மாருதியில்தான். 1995-இல் சிறு விமான விபத்தில் கரிவரதன் மறைந்தார். கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எஞ்சினையும் வண்டியையும் பொருத்திப் பார்ப்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது என்பதற்கு இந்த இரண்டையும்விட வேறு சான்று வேண்டாம்.

டயரிலிருந்து பின்னோக்கி

ஆகவே திட்டத்தை எஞ்சினிலிருந்து தொடங்காமல், தரையைத் தொடும் டயரிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1,000 கிலோ எடையுள்ள, பின்சக்கர ஓட்டமுள்ள சிறிய ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். வேகமெடுக்கும்போது எடை பின்னால் சாய்வதால், பின்சக்கரங்கள் மேல் 600 கிலோ இருக்கிறது என்று வைப்போம். சாதாரணச் சாலை டயரின் பிடிப்பு எண் 0.9 என்றால், டயர் தரையைத் தள்ளக்கூடிய அதிகபட்ச விசை சுமார் 5,300 நியூட்டன். எஞ்சின் 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. முதல் கியர் 3.5 மடங்கு, கடைசிப் பல்சக்கரம் 4 மடங்கு, மொத்தம் 14 மடங்கு. அச்சில் 1,400 நியூட்டன் மீட்டர். சக்கர ஆரம் 0.28 மீட்டர் என்றால் தரையில் 5,000 நியூட்டன். அதாவது சாதுவான 100 நியூட்டன் மீட்டர் எஞ்சினே முதல் கியரில் டயரின் எல்லையைத் தொட்டுவிடுகிறது. 200 தரும் எஞ்சினை வைத்தால் 10,000 நியூட்டன் வந்து நிற்கும். அதில் கிட்டத்தட்டப் பாதியை டயர் ஏற்க முடியாது; அது புகையாகப் போகும்.

கூடுதல் திறன் பலன் தருவது மேல் கியர்களில், அதிக வேகத்தில். அங்கேயும் காற்று ஒரு வரம்பு போடுகிறது. காற்றைத் தள்ளத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், எஞ்சின் திறனை இரண்டு மடங்காக்கினாலும் உச்ச வேகம் சுமார் 26 சதவீதம்தான் கூடும். ஆக, 'எவ்வளவு குதிரைத்திறன்?' என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது 'இந்தக் காரை எங்கே, எதற்காக ஓட்டப்போகிறேன்?' என்பதுதான். திருப்பங்கள் நிறைந்த தடத்தில் ஓட்டுவதற்கென்றால், திறனைக் கூட்டுவதைவிட எடையைக் குறைப்பது அதிகப் பலன் தரும்.

எடை எவ்வளவு என்பதோடு, எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். முன்னும் பின்னும் சமமாக 500 கிலோ தாங்கும் காரில், பழையதைவிட 60 கிலோ கனமான எஞ்சினை முன் அச்சுக்கு நேர் மேலே வைத்தால் 560-க்கு 500 என்று ஆகிவிடும். முன்பக்கம் 52.8 சதவீதம். ஓட்டிப் பார்த்தால் திருப்பத்தில் மூக்கு வெளியே இழுப்பது தெரியும். அடுத்தது சுழற்சித் தடை. தண்ணீர் நிறைந்த இரண்டு குடங்களை இடுப்போடு அணைத்துக்கொண்டு திரும்புவது எளிது. கைகளை நீட்டி ஏந்தியபடி திரும்புவது கடினம். எடை அதேதான், மையத்திலிருந்து உள்ள தூரம் இரண்டு மடங்கானால் திரும்புவதற்கான தடை நான்கு மடங்காகிறது. பந்தயக் கார்களில் எஞ்சினை ஓட்டுநருக்கும் பின் அச்சுக்கும் நடுவே வைப்பதற்கு இதுதான் காரணம். அந்நிய எஞ்சினை முன்னால் வைக்கும்போதும், எஞ்சினுக்கும் ஓட்டுநர் அறைக்கும் நடுவே உள்ள ஃபயர்வால் தகட்டை நோக்கி எவ்வளவு பின்னால் தள்ள முடியும் என்று பார்ப்பது இதனால்தான்.

பத்தில் ஒரு மில்லிமீட்டர்

எஞ்சின் கிடைத்துவிட்டது, கியர்பாக்ஸ் வேறு வண்டியுடையது என்றால் இரண்டையும் இணைக்க நடுவே ஒரு அடாப்டர் தகடு வேண்டும். அலுமினியத்தில் ஒரு தடித்த தகடு, ஒரு பக்கம் எஞ்சினின் போல்ட் துளைகள், மறுபக்கம் கியர்பாக்ஸின் துளைகள். பார்ப்பதற்கு லேத் பட்டறையில் ஒரு நாள் வேலைபோலத் தோன்றும். ஆனால் கிராங்க் ஷாஃப்டின் மையமும் கியர்பாக்ஸ் உள் ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் இருந்தாக வேண்டும். நல்ல மெக்கானிக் ஃப்ளைவீலில் டயல் கேஜைப் பொருத்தி, முனையை, கிளட்சை மூடும் பெல் ஹவுசிங்கின் நடு வட்டத்தில் தொட வைத்து, கிராங்கை மெல்லக் கையால் சுற்றுவார். ஒரு முழுச் சுற்றில் முள் அசையும் மொத்த அளவு 0.13 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் எல்லை. தாண்டினால் கியர் விழ மறுக்கும், கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி விரிசல் விடும், பேரிங் சத்தமிடும். இதைச் சரி செய்ய மையம் விலகிய டவல் பின்கள் உண்டு. அவற்றைச் சிறிது சிறிதாகத் திருப்பி முள்ளை எல்லைக்குள் கொண்டுவர வேண்டும். போல்ட்டை இறுக்கிவிட்டால் முடிந்தது என்று நினைக்கும் இடத்தில்தான் கியர்பாக்ஸின் ஆயுள் தீர்மானமாகிறது.

கியர்பாக்ஸைத் தாண்டினால் புரொபெல்லர் ஷாஃப்ட். அதன் இரு முனைகளிலும் உள்ள யுனிவர்சல் ஜாயின்ட் ஒரு கோணத்தில் வேலை செய்யும்போது, சீரான வேகத்தில் உள்ளே போகும் சுழற்சி சீரற்று வெளியே வருகிறது. கோணம் 10 டிகிரி என்றால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் சுமார் 1.5 சதவீதம் கூடிக் குறையும். மறுமுனையில் அதே அளவு எதிர்க்கோணம் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எஞ்சினைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் இடம் கிடைக்கிறதே என்று சாய்த்துவிட்டால், இந்தச் சமன்பாடு குலைந்து 80 கிலோமீட்டர் வேகத்தில் தரை அதிரத் தொடங்கும்.

எஞ்சின் மவுண்ட்டுகளுக்கும் இதே கவனம் வேண்டும். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஐடிலிங் ஓடும்போது நொடிக்கு சுமார் 27 முறை உதைக்கிறது. மவுண்ட்டின் இயல்பு அதிர்வெண் நொடிக்கு 19-க்குக் கீழே இருந்தால்தான் ரப்பர் அந்த உதைப்பை விழுங்கும். அதற்கு மேல் கெட்டியாக இருந்தால், ரப்பரே அதிர்வைப் பெருக்கிக் காரின் உடலுக்குக் கடத்தும்.

சென்னை வெயிலும் இரண்டு ஒயர்களும்

பெட்ரோல் எஞ்சினுக்குள் எரியும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகும் வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு சைலன்சர் வழியே போகிறது. இன்னொரு பங்கைக் கூலன்ட் சுமந்துபோய் ரேடியேட்டரில் விட வேண்டும். 100 கிலோவாட் திறன் தரும் எஞ்சின், முழு மூச்சில் ஓடும்போது கிட்டத்தட்ட அதே அளவு வெப்பத்தை ரேடியேட்டரிடம் ஒப்படைக்கிறது. நூறு அயர்ன் பாக்ஸ்கள் ஒன்றாக எரியும் வெப்பம் அது.

ரேடியேட்டர் வெப்பத்தை வெளியேற்றும் வேகம், கூலன்டுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. கூலன்ட் 95 டிகிரி. ஐரோப்பாவில் வெளிக்காற்று 20 டிகிரி என்றால் வித்தியாசம் 75. ஸ்ரீபெரும்புதூரின் மே மாதத்து 40 டிகிரியில் அது 55. அதே ரேடியேட்டர், அதே விசிறி. ஆனால் திறனில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. குளிர்நாட்டில் ஒருவர் செய்து முடித்த எஞ்சின் மாற்றத்தை அப்படியே இங்கே பின்பற்றினால் கார் கொதிப்பது இதனால்தான். நம் வெயிலுக்குப் பெரிய ரேடியேட்டர், காற்று பக்கவாட்டில் நழுவாமல் அதற்குள் போக வைக்கும் தகடுகள், உள்ளே போன சூடான காற்று வெளியேற வழி, எண்ணெய்க்குத் தனிக் கூலர் எல்லாம் பட்ஜெட்டின் கட்டாய வரிகள்.

1990களுக்கு முந்தைய கார்பரேட்டர் எஞ்சினுக்கு ஒயரிங் என்பது சில ஒயர்கள்தான். இன்றைய எஞ்சினைக் கணினி இயக்குகிறது. கிராங்க் ஷாஃப்டில் ஒரு பல்சக்கரம் இருக்கும். பல கார்களில் அறுபது பல்லுக்கான இடம், அதில் இரண்டு பல் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். அந்த வெற்றிடம் சென்சாரைக் கடக்கும் கணத்தை வைத்துத்தான் கிராங்க் எங்கே நிற்கிறது என்று கணினி அறிகிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஒரு டிகிரி நகர ஆகும் நேரம் ஒரு நொடியில் 36,000-இல் ஒரு பங்கு. ஸ்பார்க் எப்போது விழ வேண்டும் என்பது அந்த அளவு நுட்பத்தில் தீர்மானமாகிறது.

இந்தக் கணினி தனியாகவும் இல்லை. பிரேக், ஸ்டீயரிங், மீட்டர், சாவி எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கணினிகள். அவை முறுக்கப்பட்ட இரண்டு ஒயர்கள் வழியே பேசிக்கொள்கின்றன. கேன் பஸ் என்று பெயர். அதன் இரண்டு முனைகளிலும் 120 ஓம் தடை இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை அறுந்துவிட்டது என்று பொருள். எஞ்சினை மாற்றும்போது அந்தச் சங்கிலியில் ஒருவரைத் தூக்கிவிட்டுப் புதியவரை உட்கார வைக்கிறோம். பழைய சாவியைப் புதிய எஞ்சின் ஏற்காது. எஞ்சினிடமிருந்து வழக்கமான செய்தி வராததால் ஸ்டீயரிங்கின் மோட்டார் உதவி செய்ய மறுக்கலாம். எனவே எஞ்சினோடு அதன் கணினி, முழு ஒயரிங், சென்சார்கள், ஆக்சிலரேட்டர் பெடல், சாவி வரை ஒரே வண்டியிலிருந்து வாங்குவதே அறிவு. மலேசியாவில் முன்பாதிக் காரையே வெட்டி 'ஹாஃப் கட்' என்று விற்பதன் நியாயம் இதுதான். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகச் சந்தையில் எஞ்சின் மட்டும் மலிவாகக் கிடைக்கலாம். விடுபட்ட சின்னச் சின்னப் பாகங்களைத் தேடும் செலவு, சேமித்ததைத் தின்றுவிடும். கணினியைப் புதிதாகப் போட்டால் திறனை அளக்கும் டைனோவில் வைத்து எரிபொருளையும் ஸ்பார்க்கையும் ட்யூன் செய்யும் கட்டணம் தனி.

பிரேக்கை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், 100-இல் ஓடிய கார் 140-இல் ஓடினால் நிறுத்த வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பெரிய எஞ்சினை வாங்குகிறவர் பெரிய பிரேக்கையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

எண்ணூறு டாலரும் பத்தாயிரம் டாலரும்

எஞ்சின் மாற்றத்துக்குப் பட்ஜெட் போடுவதற்கு உலக வரலாற்றில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனின் ரூட்ஸ் குழுமம், சன்பீம் ஆல்பைன் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஃபோர்டு வி8 எஞ்சினை வைத்துப் பார்க்க விரும்பியது. ஏ.சி. ஏஸ் காரில் ஃபோர்டு வி8 வைத்து கோப்ரா என்ற புகழ்பெற்ற காரை உருவாக்கிய கரோல் ஷெல்பியைக் கேட்டார்கள். பத்தாயிரம் டாலர், எட்டு வாரம் என்றார் அவர். அவசரமாக இன்னொரு மாதிரியை, வெறும் 800 டாலரில், பந்தய ஓட்டுநர் கென் மைல்ஸ் கட்டிக் கொடுத்தார். அவருடைய மலிவு மாதிரி ஒரு கேள்விக்குப் பதில் சொன்னது: எஞ்சின் உள்ளே போகுமா? போகும். ஷெல்பியின் விலையுயர்ந்த மாதிரி அடுத்த கேள்விக்குப் பதில் சொன்னது: போன பிறகு கார் நன்றாக ஓடுமா? அதற்குப் பழைய ஸ்டீயரிங் அமைப்பையே எடுத்துவிட்டு ராக் அண்ட் பினியன் வைக்க வேண்டியிருந்தது.

சன்பீம் டைகர் 1964-இல் உற்பத்திக்கு வந்தது. எஞ்சின் இடம் அவ்வளவு நெருக்கம். பெயின்ட் பூசி வந்த உடலின் ஃபயர்வாலைச் சம்மட்டியால் அடித்து உள்வாங்கச் செய்துதான் எஞ்சினை இறக்கினார்கள். பின்னால் இருந்த ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற, ஓட்டுநர் அறைக்குள் இருந்த ரப்பர் மூடியைத் திறந்து கையை விட வேண்டும். 1967-இல் ரூட்ஸ் கிரைஸ்லரின் கட்டுப்பாட்டுக்குள் போனது. போட்டி நிறுவனமான ஃபோர்டின் எஞ்சினைத் தொடர விருப்பமில்லை. கிரைஸ்லரிடமும் ஒரு வி8 இருந்தது. ஆனால் ஃபோர்டில் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம். கிரைஸ்லரில் பின்பக்கம், ஃபயர்வாலை ஒட்டி. இடமில்லை. டைகரின் கதை அங்கே முடிந்தது. கைக்குள் அடங்கும் ஒரு பாகம் எந்த முனையில் இருக்கிறது என்பது ஒரு காரின் ஆயுளைத் தீர்மானித்தது.

எனவே எஞ்சினை வாங்கும் முன் அளவெடுங்கள். உயரம், நீளம், எண்ணெய்த் தொட்டியின் ஆழம் எந்தப் பக்கம், ஸ்டார்ட்டர் எந்தப் பக்கம், எக்ஸாஸ்ட் ஸ்டீயரிங் ஷாஃப்டைத் தொடுமா என்று பாருங்கள். பழுதாகிக் கிடக்கும் வெற்று பிளாக்கை எடைக்கு வாங்கி, அதை வைத்தே மவுண்ட்டுகளை வெல்டிங் செய்து பாருங்கள். இதுதான் நம்முடைய 800 டாலர் மாதிரி.

சாலையா, தடமா?

பட்ஜெட்டின் முதல் வரியில் பணம் வராது. ஒரு முடிவு வரும். கார் பொதுச் சாலையில் ஓடப்போகிறதா, பந்தயத் தடத்தில் மட்டுமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக உரிமையாளர் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தது. பழுதான எஞ்சினுக்குப் பதில் அதே வகை எஞ்சினைப் பொருத்தி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளலாம், மின்சாரம், சி.என்.ஜி. போன்றவற்றுக்கு அங்கீகரிக்கப்பட்ட கிட் வழியாக மாறலாம். இரண்டு மடங்கு பெரிய அந்நிய எஞ்சினை வைத்துச் சாலையில் ஓட்ட எளிய வழி கிடையாது. இது வெறும் காகிதக் கெடுபிடி என்று நினைக்கக் கூடாது. ஒரகடத்தில் உள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில் புதிய வண்டிகளின் புகை, பிரேக், பாதுகாப்பு எல்லாம் சோதிக்கப்பட்ட பிறகே விற்பனைக்கு வருகின்றன. எஞ்சினை மாற்றிய அடுத்த நிமிடம் அந்தச் சோதனை முடிவுகள் எதுவும் அந்தக் காருக்குப் பொருந்தாது. விபத்து நேர்ந்தால் காப்பீடும் கைவிட்டுவிடலாம்.

எனவே ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின் மாற்றத்தின் நியாயமான இடம் பந்தயத் தடம்தான். அங்கே வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பு ஒவ்வொரு பிரிவுக்கும் விதி வைத்திருக்கிறது. உருளும்போது காக்கும் கூண்டு, தீயணைப்பான், பெல்ட் எல்லாம் பரிசோதனையில் தேற வேண்டும். அந்தச் செலவையும் மறக்கக் கூடாது.

நூறு ரூபாயைப் பிரிப்பது

கையில் நூறு ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, தொடக்கத்துக்கு நான் இப்படிப் பிரிப்பேன். எஞ்சினுக்கும் அதைப் பிரித்துப் பார்த்துப் புதுப்பிப்பதற்கும் 25. கியர்பாக்ஸ், கிளட்ச், ஷாஃப்டுகளுக்கு 15. மவுண்ட், அடாப்டர், வெல்டிங் வேலைக்கு 10. ரேடியேட்டர், எரிபொருள் பம்ப், எக்ஸாஸ்ட்டுக்கு 10. கணினி, ஒயரிங், ட்யூனிங்குக்கு 12. பிரேக், டயர், சஸ்பென்ஷனுக்கு 13. மீதி 15 ரூபாயைத் தொடவே கூடாது; கழற்றிய பிறகு கண்ணில் படும் துருவுக்கும் உடைந்த போல்ட்டுக்கும் அது. பாதுகாப்புக் கருவிகளையும் கார் நிற்கும் இடத்தின் வாடகையையும் இதற்கு வெளியே எழுதிக்கொள்ள வேண்டும். காருக்குக் காரும் எஞ்சினுக்கு எஞ்சினும் எண்கள் மாறும். ஆனால் எஞ்சினுக்கென்று பாதிக்கு மேல் ஒதுக்கிய பட்ஜெட் எதுவாக இருந்தாலும், அதை மறுபடி எழுதுவது நல்லது.

செலவழிக்கும் வரிசையும் முக்கியம். முதலில் பிரேக்கும் டயரும். பழைய எஞ்சினோடே காரை ஓட்டிப் பழகலாம், அந்தப் பணம் வீண்போகாது. அடுத்து வெற்று பிளாக்கை வைத்து அளவு. அதன் பிறகே எஞ்சின். வாங்கும்போது ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்க வேண்டும். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள்ளே தேய்மானம். எஞ்சின் எண்ணும் கொள்முதல் ரசீதும் சரியாக இருக்க வேண்டும். மலிவு என்பதற்காகத் திருட்டு வண்டியின் எஞ்சினை வாங்கி மாட்டிக்கொள்ளக் கூடாது. பழைய காரைக் கழற்றுவது கடைசியில். எல்லாப் பாகமும் கையில் வரும் முன்பே காரைக் கழற்றிப் போடுவதுதான் பாதியில் நிற்கும் திட்டங்கள் பலவற்றின் தொடக்கம்.

கரிவரதன் பெயரைத் தாங்கிய அந்தக் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்குப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு வருகிறார்கள். எஞ்சின் 710 சி.சி.யைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் எஞ்சினுக்குள் போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் துளை ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும். அந்தத் துளையில் காற்றின் வேகம் ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு உறிஞ்சினாலும் கூடுதல் காற்று வராது. பெரிய எஞ்சினை வைத்து ஜெயிக்கும் வழியை விதியே அடைத்துவிட்டது. மாணவர்களுக்கு மிஞ்சுவது எடை, சமநிலை, வெப்பம், பிரேக், ஒயரிங், இவற்றோடு செலவுக் கணக்கு. போட்டியில் செலவு அறிக்கைக்கும் தனி மதிப்பெண் உண்டு. ஒரு காரைப் பொறியாளரின் கண்ணால் பார்க்கக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல விதி இருக்க முடியாது.

ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே வளரும் பல பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் இந்தத் தொழிலில் இருக்கிறார். டயர் செய்கிறவர், ஒயரிங் கட்டுகிறவர், ரேடியேட்டருக்குத் தகடு மடிக்கிறவர். எஞ்சின் மாற்றக் கனவு காணும் பிள்ளை முதலில் போய்ப் பேச வேண்டியது அவர்களிடம்தான். பிரேக்குக்கும் டயருக்கும் முன்னால் ஒரு சின்னச் செலவு இருக்கட்டும்: நான்கு சக்கரங்களையும் தனித்தனி எடைமேடையில் ஏற்றி, எந்தச் சக்கரம் எவ்வளவு தாங்குகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த எஞ்சின் வேண்டும் என்பதை அந்த நான்கு எண்கள் பாதி சொல்லிவிடும்.